மிச்சத்துக்கு ஒரு சாமி

கொடைக்கானல் ஏரியிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது குறிஞ்சி ஆண்டவர் கோயில். பனி விலகிய காலையில் அங்கே நின்று வடக்கே பார்த்தால், வெகு கீழே சமவெளியில் சிறு குன்று தெரியும். அது பழனி. மலைமேல் இருக்கிற முருகன் கீழே இருக்கிற முருகனைப் பார்த்தபடி நிற்கிறார். மேலே உள்ள கோயிலை 1936-ல் கட்டியவர் லீலாவதி அம்மையார். ஆஸ்திரேலியாவில் பிறந்து சைவத்துக்கு வந்து, ஈழத்துத் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்தவர். இன்று அந்தக் கோயில் பழனி தேவஸ்தானத்தின் பொறுப்பில் இருக்கிறது.

இரண்டு முருகன்களுக்கும் நடுவில் இருப்பது சரிவு. மலையின் வடபக்கத்தில் பிறக்கிற பாலாறும் பொருந்தலாறும் வரதமாநதியும் பழனிப் பக்கம் இறங்குகின்றன. சண்முக நதி அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய் அமராவதியில் சேர்க்கிறது; அமராவதி காவிரியில் கலக்கிறது. தென்பக்கத்தில் பாம்பாறு கும்பக்கரை அருவியாக விழுந்து பெரியகுளத்துப் பக்கம் போகிறது. கொடைக்கானலில் எந்த இடத்தில் நின்று எதைக் கீழே போட்டாலும், அதற்குக் கீழே ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது.

கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டால் அதோடு நமக்குள்ள உறவு முடிந்துவிடுகிறதா? இது குப்பை லாரிகளைப் பற்றிய கேள்வி போலத் தெரியும். ஆனால் துறவைப் பற்றி ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பேசிவரும் மொழியில் இது மதக் கேள்வியும்கூட. துறப்பதும் எறிவதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் கை காலியாகிறது. துறந்தவருக்கு அந்தப் பொருளின்மேல் உரிமை போய்விடுகிறது. எறிந்தவருக்கு அதன்மேல் உள்ள பொறுப்பும் போய்விடுமா என்பதைச் சமய நூல்கள் வேறுவேறு இடங்களில், வேறுவேறு பேச்சுகளுக்கு நடுவே தொட்டிருக்கின்றன. பிளாஸ்டிக் போன்ற மக்காத பொருள் அந்த நூல்களின் காலத்தில் இல்லாததால், அதைத் தனியாக எடுத்துப் பேச வேண்டிய அவசியம் வரவில்லை. இப்போது வந்திருக்கிறது.

தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் பழனிக்குப் போகிற சாலைகள் எல்லாம் நடக்கிறவர்களால் நிறைந்திருக்கும். செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் காவடிகள் வரும். கொங்குநாட்டிலிருந்தும் மதுரை, தேனிப் பக்கங்களிலிருந்தும் பச்சை வேட்டியும் காவி வேட்டியுமாகக் கூட்டம் கூட்டமாக வருவார்கள். வெறுங்காலில் கொப்புளம் உடைந்து, துணி சுற்றிக்கொண்டு நடக்கிற பெண்கள் உண்டு. வழியெல்லாம் பந்தல் போட்டு மோர், சுக்குக் காபி, பொங்கல், தண்ணீர் தருகிறார்கள். கேட்காமலேயே கொடுக்கிற அந்தக் கைகளைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். தமிழ்நாட்டின் ஈகைக் குணத்தை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் அந்தச் சாலைக்குத்தான் போக வேண்டும்.

அங்கே தரப்படும் தண்ணீர் பாக்கெட்டைத் திறக்க எல்லோருக்கும் தெரிந்த வழி, முனையைப் பல்லால் கடித்து இழுப்பதுதான். சுண்டுவிரல் நகத்தளவு முக்கோணத் துணுக்கு நாக்கில் தங்கும். துப்பிவிடுவார்கள். பாக்கெட்டை வாய்க்குள் பிழிந்தால் கால் நிமிடத்தில் தண்ணீர் தீர்ந்துவிடும். உறை கையிலிருந்து நழுவும். அந்த உறையையாவது மறுநாள் காலையில் துடைப்பம் கூட்டிக் குவிக்கும். துப்பிய முக்கோணத்தைக் கூட்டி எடுக்கிற துடைப்பம் இல்லை. அது மண்ணில் ஒட்டி, அடுத்த மழையில் வாய்க்காலுக்குப் போகும். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் அறுபடும். நொறுங்கி, ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழே போனதும் அதற்கு நுண்பிளாஸ்டிக் என்று பெயர் மாறும். நொறுங்க நொறுங்கப் பொருள் சிறிதாகிறதே தவிர, வேறு பொருளாகிவிடுவதில்லை.

தண்ணீர் பாக்கெட், பாலித்தீன் பூசிய காகிதக் கோப்பை, தெர்மாக்கோல் தட்டு, பிளாஸ்டிக் பை எல்லாமே தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 பொருட்களுக்குள் வருகின்றன. தடைக்குப் பிறகு குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியபோது, ஒரு காலத்தில் கல்யாண வீட்டுத் தாம்பூலத்தோடு கையில் வந்த பையை, பட்டிக்காட்டான் என்று கேலிக்கு ஆளான பையை, மறுபடி தெருவுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

அந்தச் சாலை முடிகிற இடத்தில் நிற்கிறவர் யார் என்பதை நினைக்க வேண்டும். கோவணமும் தண்டமும் மட்டும் வைத்துக்கொண்டு, மாம்பழத்தையும் கயிலையையும் விட்டுவிட்டு வந்தவர். பழனி ஆண்டி என்றே அவருக்குப் பெயர். அவரிடம் போகிறவர்கள் தலைமுடியைக் கொடுக்கிறார்கள், செருப்பை விடுகிறார்கள், நாற்பத்தெட்டு நாள் விரதத்தில் ஆசையை விடுகிறார்கள். அந்தப் பயணத்துக்கு வேறொரு பக்கமும் உண்டு. அது சுமப்பது. அகத்தியர் சொல்லுக்காகச் சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளைத் தடியில் கட்டித் தோளில் தூக்கிவந்த இடும்பன்தான் காவடிக்கு முதல் ஆள். அதனால்தான் இன்றைக்கும் பழனிக்குப் போகிறவர்கள் இடும்பனை வணங்கிவிட்டு ஆண்டவரிடம் போகிறார்கள். தன் சுமையைத் தானே தூக்கிக்கொண்டு வருவதுதான் காவடி. பிறர் தோளில் ஏற்றிவிட்டு வருவதற்குப் பெயர் காவடி இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் நிரம்பிய பாட்டிலை மைல்கணக்கில் சுமக்க முடிந்தவருக்கு, இருபது இருபத்தைந்து கிராம் காலி பாட்டில் எப்படிப் பாரமாகிறது?

விடை மனிதர்களின் கெட்ட குணத்தில் இல்லை. பழக்கத்தில் இருக்கிறது, அந்தப் பழக்கம் ஒரு காலத்தில் சரியாகவும் இருந்தது.

வாழையிலையில் சாப்பிட்டு, மடித்து, வெளியே போட்டால் மாடு தின்னும், மிச்சம் எருவாகும். தையல் இலையும் பாக்குமட்டையும் அப்படித்தான். உடைந்த மண்குடம் மண்ணுக்குப் போனது. எச்சில் என்பதைத் தமிழர்கள் மிகக் கவனமாகப் பார்த்தார்கள்: உதடு பட்டதா, கை பட்டதா, யார் எடுக்கலாம், எங்கே போடலாம் என்றெல்லாம். ஆனால் போட்டபிறகு என்ன ஆகும் என்று கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. மண் பார்த்துக்கொண்டது. நூற்றாண்டுகளாகக் கைக்குப் பழகிய அந்த எறிதல், பொருள் மாறிய பின்னும் மாறவில்லை. இலையை வீசிய அதே கை, அதே வேகத்தில், அதே மன நிம்மதியோடு பிளாஸ்டிக்கை வீசுகிறது.

ஆனால் சிவாலயத்துக்குள் மட்டும் மிச்சத்தை அப்படி விட்டுவிடவில்லை. சுவாமிக்குச் சாத்திக் களைந்த மாலைக்கு நிர்மால்யம் என்று பெயர். அதை யாரும் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது, போடவும் முடியாது. அதற்கு உரியவர் சண்டிகேசர். சேய்ஞலூரில் பிறந்த விசாரசருமர், மணலில் லிங்கம் செய்து பால் ஊற்றி வழிபட்ட சிறுவர், சண்டிகேசராக உயர்ந்த கதையைப் பெரியபுராணம் சொல்கிறது. சிவன் அவருக்குக் கொடுத்த பதவி, இறைவன் உண்டதும் உடுத்தியதும் சூடியதுமான மிச்சங்களுக்கு உரியவராக இருப்பது. கங்கைகொண்ட சோழபுரத்தில் சிவன் தன் கையாலேயே அவர் தலையில் மாலை சுற்றுகிற சிற்பம் இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் கோயிலின் நிலமும் பொன்னும் கைமாறும்போது சண்டேசுவரர் பெயரால் எழுதியிருக்கிறார்கள். ஆக, மிச்சத்துக்கு உரியவரே கணக்குக்கும் உரியவர். கோயிலைச் சுற்றி வருகிறவர்கள் கடைசியில் அவர் முன்னால் நின்று, கைகளை மெல்லத் தட்டிக் காட்டுவார்கள். இங்கிருந்து எதையும் எடுத்துப் போகவில்லை, பாருங்கள் என்று பொருள். அவர் தியானத்தில் இருக்கிறார், எழுப்பத்தான் கைதட்டுகிறோம் என்று சொல்வாரும் உண்டு. முதல் விளக்கமே அவர் பதவிக்குப் பொருந்துகிறது.

தெய்வத்தின் மிச்சத்துக்கே பொறுப்பாளரை நியமித்த சமயம் இது. வழிபட்டு முடித்த பூவைக்கூட ‘யாருக்கும் சொந்தமில்லை’ என்று அது சொல்லவில்லை.

கோயில் மதிலுக்கு வெளியே நிலைமை நேர்மாறு. அங்கே மிச்சத்தை எடுக்கிறவருக்கு மாலை சூட்டவில்லை. தீட்டு என்று சொல்லி ஒதுக்கினார்கள். போடுகிறவர் சுத்தமானவர், எடுக்கிறவர் அசுத்தமானவர் என்ற தலைகீழ்க் கணக்கு இந்தச் சமூகத்தில் சாதியாக இறுகியது. இன்று தூய்மைப் பணியாளர் என்று பெயர் மாறியிருக்கிறது. பூசத் திருவிழா முடிந்த மறுநாள் விடியற்காலையில் கிரிவலப் பாதையில் குனிந்து நிற்கிறவர்களின் குடும்பங்கள் பெரிதாக மாறவில்லை. பிளாஸ்டிக்கை எளிதாக எறிய முடிவதற்கு முதல் காரணம், அதை எடுக்க யாரோ பிறந்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கை. இதைச் சொல்லாமல் தூய்மையைப் பற்றி எந்த மேடையிலும் பேசுவது நேர்மையாகாது.

சைவ சித்தாந்தம் அழுக்கைப் பற்றி மிகத் துல்லியமாகச் சிந்தித்த தத்துவம். அதன் மையச் சொல்லே மலம். ஆணவம், கன்மம், மாயை என்ற மூன்று மலங்களால் உயிர் கட்டுண்டிருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் சிவஞானபோதத்தை அமைத்தபோது, அதற்கு அடியில் இருந்த தருக்கம் சற்காரியவாதம். இருக்கிற பொருள் இல்லாமல் போகாது. ஒடுங்கும், மறுபடி தோன்றும். உலகம் அழிகிறது என்று நாம் சொல்வதைச் சித்தாந்தம் ஒடுக்கம் என்றுதான் சொல்லும். ஆணவ மலம்கூட முத்தியில் அழிவதில்லை; அதன் சக்திதான் அடங்குகிறது.

பிளாஸ்டிக்கை அறியாத காலத்தில் எழுதப்பட்ட இந்தக் கொள்கைக்கு அந்த முக்கோணத் துணுக்கைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. 2017-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர் உலகத்தின் மொத்த பிளாஸ்டிக் கணக்கை எடுத்தார்கள். 2015 வரை மனிதர்கள் செய்த பிளாஸ்டிக் சுமார் 830 கோடி டன். அதில் 630 கோடி டன் குப்பையாகிவிட்டது. குப்பையில் மறுசுழற்சிக்குப் போனது 9 சதவீதம். எரிக்கப்பட்டது 12 சதவீதம். மீதி 79 சதவீதம் குப்பைமேட்டிலும் நிலத்திலும் நீரிலும் இருக்கிறது. எரித்தது தவிர மற்றதெல்லாம் ஏதோ ஓர் உருவில் இருந்துகொண்டேதான் இருக்கிறது. எரித்ததும் புகையாகவும் சாம்பலாகவும் இருக்கிறது. கொடைக்கானல் போன்ற இடத்தில் குளிர்ந்த இரவுக் காற்று பள்ளத்தில் அமுங்கிக் கிடக்கும். கொளுத்திய குப்பையின் புகை மேலே போக வழியில்லாமல் வீட்டுக் கூரைகளின் உயரத்திலேயே விடியும்வரை தங்கும்.

கன்மத்தை மூன்றாகப் பிரிப்பார்கள். இப்போது செய்வது ஆகாமியம். சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அனுபவிக்க வந்தது பிராரத்தம். இன்று எறிந்த பாட்டிலும், கொடைக்கானலின் பிரகாசபுரம் குப்பைக்கிடங்கில் சோலைக் காட்டின் ஓரத்தில் குவிந்து கிடப்பதும், மனித ரத்தத்தில் நுண்பிளாஸ்டிக் இருப்பதாக 2022-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கண்டதும் இந்த மூன்று சொற்களில் அப்படியே உட்கார்ந்துவிடுகின்றன.

ஆனால் இவ்வளவு அழகாகப் பொருந்துகிற இடத்தில்தான் சந்தேகப்பட வேண்டும். கன்மக் கொள்கையின் உயிரே, செய்தவன்தான் அனுபவிப்பான் என்பது. பிளாஸ்டிக்கில் செய்தவன் ஒருவன், அனுபவிப்பது வேறொன்று. சுற்றுலா வந்தவர் ஞாயிறு மாலை வண்டியேறிப் போய்விடுவார். அனுபவிப்பது கொடைக்கானல் தெருக்களில் சாயங்காலம் இறங்கிவருகிற காட்டுமாடு. தயிர்சாதம் கட்டி முடிச்சுப் போட்ட பையை அது மூக்கால் புரட்டும். உப்பு வாசனை வரும், சோறு வெளியே வராது. முடிச்சை அவிழ்க்க அதற்குக் கை இல்லை. பையோடு மென்று விழுங்கும். அசைபோடுகிற விலங்குகளுக்கு வயிற்றின் முதல் இரண்டு அறைகளிலிருந்து மூன்றாவது அறைக்குப் போகிற வாசல் மிகச் சிறியது. நன்றாக அரைபட்டதுதான் அதில் நுழையும். பை அரைபடாது. அங்கேயே கிடந்து, அடுத்த பையோடு சுருண்டு, கெட்டியான பந்தாகும். வயிறு நிரம்பியதாக உடல் நம்பும். புல் நடுவே நின்று பட்டினி கிடக்கும்.

மருதமலையும் முருகன் மலைதான். 2025 மே மாதம் அதன் அடிவாரத்துப் பக்கம் ஒரு பெண் யானை விழுந்து கிடந்தது. கிரேன் கட்டித் தூக்கி, நாள்கணக்கில் மருத்துவம் பார்த்தும் பிழைக்கவில்லை. உடலை அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் கரு இருந்தது. உணவுப் பாதையில் பிளாஸ்டிக் இருந்தது. சாவுக்கு அதுமட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அந்த வட்டாரத்தில் குப்பை கொட்டும் இடத்தைத் தேடி யானைகள் வருவதும், யானைச் சாணத்தில் பிளாஸ்டிக் உறைகள் கிடப்பதும் பல ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி. பிளாஸ்டிக்கின் முன்னோடியான செல்லுலாய்டை 1860-களில் அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹயாட் தேடிப்போனது, பில்லியர்ட்ஸ் பந்துக்கு யானைத் தந்தம் கிடைப்பது அரிதாகிவிட்டது என்பதால். தந்தத்துக்கு மாற்றாகத் தொடங்கிய பொருள் யானையின் குடலுக்கு வந்து சேர நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின.

அந்த யானைக்கு முன்னால் கன்மக் கொள்கை என்ன சொல்லும்? யானைக்கு அதன் முற்பிறவி வினை என்று சொல்லிக் கடந்துபோகலாம். அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது கொள்கையைக் காப்பாற்றி யானையைக் கைவிடுகிற விடை. எறிந்தவர் ஆயிரம் பேர், ஒவ்வொருவரும் எறிந்தது ஒன்றே ஒன்று, யார் எறிந்த பை அது என்று யாருக்கும் தெரியாது, எறிந்தவருக்கே தெரியாது. செய்தவரைத் தனியாளாகப் பிரித்தெடுக்க முடியாத வினையை எந்த ஏட்டில் எழுதுவது?

இந்த இடத்தில் துணைக்கு வருவது தத்துவ நூல் அல்ல, கதை. திருவாரூரில் மனுநீதிச் சோழனின் மகன் தேரோட்டிப் போகும்போது கன்று துள்ளி வந்து சக்கரத்தில் விழுந்தது. அவன் பார்க்கவில்லை, கொல்ல நினைக்கவும் இல்லை. தாய்ப்பசு வந்து ஆராய்ச்சி மணியை அசைத்தது. அமைச்சர்கள் பிராயச்சித்தம் செய்துவிடலாம், சாத்திரத்தில் வழி இருக்கிறது என்றார்கள். மன்னன் ஒப்பவில்லை. சடங்கு இவனைத் தூய்மையாக்கும், பசுவின் துயரத்தைத் தீர்க்குமா என்பதுதான் அவன் நிலை. சேக்கிழார் இந்தக் கதையைப் பெரியபுராணத்தின் தொடக்கத்திலேயே வைத்தார். தெரியாமல் செய்தது என்பதும், வேண்டுமென்று செய்யவில்லை என்பதும் பொறுப்பைக் குறைக்கவில்லை. முன்னால் நிற்கிற துயரத்திலிருந்து கணக்கு தொடங்குகிறது. செய்தவனின் எண்ணத்திலிருந்து அல்ல. அதற்காக மன்னன் தன் மகனையே தேர்க்காலில் இட்டதை இன்று யாரும் நியாயம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் பரிகாரத்தை மறுத்த அந்த மனம் முக்கியமானது. வருடத்துக்கு ஒருநாள் கையுறை போட்டுக் குப்பை பொறுக்கிப் புகைப்படம் எடுத்துக்கொள்வது அமைச்சர்கள் சொன்ன பிராயச்சித்தத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது.

எறிந்தது திரும்பிவந்து பெயர் சொல்லி அழைத்த சம்பவம் கொடைக்கானலிலேயே உண்டு. பொருள் பிளாஸ்டிக் இல்லை, பாதரசம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலிருந்து 1980-களில் இங்கே கொண்டுவரப்பட்ட வெப்பமானி ஆலை, பின்னாளில் இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. ஆலைக்குப் பின்னால் பாம்பார் சோலை. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் உள்ள பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி டன்கணக்கில் சாக்குகளில் கிடப்பதை ஊர்க்காரர்களும், 1985 முதல் இயங்கிவரும் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும், கிரீன்பீஸ் அமைப்பும் வெளியே கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-ல் ஏறத்தாழ 290 டன் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே அனுப்பினார்கள். முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு உடன்பாடு எட்டியது 2016-ல்.

இதே மலைத்தொடரில்தான் சித்தர் போகர் ஒன்பது பாஷாணங்களைக் கட்டிப் பழனி ஆண்டவர் திருமேனி செய்தார் என்பது நம்பிக்கை. பாஷாணம் என்றால் நஞ்சு. பூம்பாறை குழந்தை வேலப்பர் திருமேனியையும் போகரோடு சேர்த்தே சொல்வார்கள். வேதியியல் எப்படியும் இருக்கட்டும். அந்த நம்பிக்கைக்குள் இருக்கிற நெறி தெளிவானது. நஞ்சைக் கையாள்கிறவர் அதைக் கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்வரை அவர் பொறுப்பு தீராது. பாதரசத்தைச் சித்தர்கள் கட்டிய முறையும், சாக்கில் கட்டிப் பழைய இரும்புக் கடையில் போட்ட முறையும் ஒரே பொருளைத் தொட்ட இரண்டு மனங்கள்.

சட்டம் இப்போது சண்டிகேசரைத் தேடத் தொடங்கியிருக்கிறது என்று சொல்லலாம். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2022 மே மாதம் நீலகிரியில் டாஸ்மாக் கடைகள் ஒவ்வொரு பாட்டிலுக்கும் கூடுதலாகப் பத்து ரூபாய் வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்தன. யானைகள் கால் வைத்துக் கிழித்துக்கொண்ட கண்ணாடித் துண்டுகள்தான் வழக்குக்குக் காரணம். பாட்டில்களில் மிகப் பெரும்பகுதி கடைக்குத் திரும்பிவந்தது. குடித்தவர்கள் ஒரே இரவில் காட்டை நேசிக்கத் தொடங்கிவிடவில்லை. காலி பாட்டிலுக்கு உரியவர் யார் என்பது அதன்மேல் எழுதப்பட்டது, அவ்வளவுதான். எழுதாதவரை அது யாருடையதும் இல்லை; எழுதியதும் திரும்பி வந்தது.

கொடைக்கானலில் 2024-ல் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை வந்தது. கொண்டுவந்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. அந்த ஆண்டு மே 7 முதல் வண்டிகளுக்கு இ-பாஸ். 2025 கோடையில் நீதிமன்றம் சுற்றுலா வண்டிகளுக்கு நாளுக்கு 4,000, வார இறுதியில் 6,000 என்று எல்லை வைத்தது. அபராதத்துக்கும் முன்பணத்துக்கும் வேறுபாடு உண்டு. அபராதம் கட்டியவருக்குக் கணக்கு தீர்ந்துவிட்டது போலத் தோன்றும், இருபது ரூபாய் கொடுத்துவிட்டேனே என்று பாட்டிலை எறிய மனம் வரும். முன்பணம் கணக்கைத் திறந்தே வைத்திருக்கும். அதனால் பத்து ரூபாய் முறையே சமயத்துக்கும் அறத்துக்கும் நெருக்கமானது.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன் உருக்கிய பிளாஸ்டிக்கை ஜல்லிமேல் பூசிச் சாலை போடும் முறையைக் கண்டுபிடித்தார். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். மலையடிவாரத்திலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் பிறந்த நல்ல வழி அது. எறிந்த பிறகு என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு அது விடை. எறிவதே சரியா என்ற கேள்வி அதற்கு முன்னால் வருவது. அந்தக் கேள்வியில்தான் உலக நாடுகளும் முட்டி நிற்கின்றன. உற்பத்தியையே குறைப்பதா, குப்பையை மட்டும் மேலாண்மை செய்வதா என்று உடன்பாடு காண முடியாமல் 2025 ஆகஸ்டில் பிளாஸ்டிக் ஒப்பந்தத்துக்கான ஜெனீவாப் பேச்சு கலைந்தது. இதையும் சொல்லியாக வேண்டும்: பாக்கெட்டைத் துப்பிய பக்தரை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு, பாக்கெட்டைச் செய்து விற்றவரைச் சாட்சியாகக்கூட அழைக்காத நீதி அரைகுறை நீதி. சண்டிகேசரிடம் கை காட்ட வேண்டியவர்களின் வரிசை ஆலையிலிருந்து தொடங்குகிறது.

பௌத்த வினய நூலில் வருகிற ஆனந்தர் கதை, எறிவதே சரியா என்ற கேள்விக்கு மிக அருகில் இருக்கிறது. உதயண மன்னனின் அரண்மனைப் பெண்கள் ஆனந்தருக்கு ஐந்நூறு சீவர ஆடைகள் கொடுத்துவிட்டார்கள். துறவிக்கு எதற்கு இத்தனை, துணிக்கடை வைக்கப்போகிறாரா என்று மன்னனுக்குக் கோபம். போய்க் கேட்டான். கிழிந்த ஆடை உள்ள துறவிகளுக்குக் கொடுப்பேன் என்றார். கிழிந்த பழையவை? மேல்விரிப்பாகும். பழைய விரிப்பு? மெத்தை உறையாகும். அது பழசானால் தரைவிரிப்பு, பிறகு கால்துடைப்பான், பிறகு தூசி தட்டும் துணி. கடைசியில் நார்நாராகப் பிய்த்துச் சேற்றில் குழைத்துத் தரை பூசுவோம் என்றார். மன்னன் இன்னும் ஐந்நூறு ஆடை கொடுத்தான். துறவி என்பவர் பொருளைக் கடைசிவரை உடன் சென்று வழியனுப்புகிறவர் என்று அந்தக் கதை காட்டுகிறது.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு ஆனந்தரைத் தெரியாவிட்டாலும் இந்த வரிசை தெரியும். பாட்டியின் நூல்புடவை பேரனுக்குத் தூளியாகும். தூளி பழசானால் குழந்தைக்குப் போடும் துணி. அப்புறம் அடுப்படியில் பாத்திரம் இறக்கும் கரித்துணி. கரித்துணி இற்றுப்போனால் விளக்குத் திரி. எரிந்து முடிந்ததும் விரலில் கொஞ்சம் கரி ஒட்டும். குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டாக அதையும் வைத்துவிடுவார்கள். இப்படிப்பட்ட வீட்டிலிருந்து பழனிக்கு நடக்கிறவர்தான் பாக்கெட்டின் முனையைக் கடித்துத் துப்புகிறார். புடவைக்கு அத்தனை பிறவிகள் கொடுக்கத் தெரிந்த கைக்கு அந்தத் துணுக்குக்கு அடுத்த பிறவி என்னவென்று தெரியவில்லை. சொல்லிக்கொடுக்கவும் ஆளில்லை.

பழனி ஊருக்கு வெளியே, சண்முக நதிக்கரையில் பெரியாவுடையார் கோயில் இருக்கிறது. நடந்து வருகிறவர்களில் பலர் இந்த நதியில் முழுகிவிட்டுத்தான் மலைக்குப் போகிறார்கள். ஈர வேட்டியோடு ஒருசிலர் இந்தச் சிவன் கோயிலுக்குள்ளும் வருவார்கள். எல்லாச் சிவாலயங்களிலும் போல இங்கேயும் கருவறையைச் சுற்றி வந்தால், அபிஷேக நீர் வெளியே வருகிற கோமுகிக்குப் பக்கத்தில் சண்டிகேசரின் இடம். நின்று, குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துத் தட்டிக் காட்டுவார்கள். கையில் ஒன்றும் இருக்காது. வெளியே படித்துறையில், அவர்கள் முழுகிய இடத்துக்குச் சற்றுக் கீழே, நாணல் வேரில் சிக்கிய பாக்கெட் உறைகள் தண்ணீர் இழுக்கிற பக்கம் அசைந்துகொண்டிருக்கும்.